உள்பக்க விரிசல்

கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை ஆதிகேசவன் பதினோரு நாள் திறக்கவில்லை. மிக்சி பழுதுபார்க்கும் மேசையின் ஓரத்தில், கழற்றிப் போட்ட மோட்டார்களுக்குப் பின்னால் அதைத் தள்ளி வைத்திருந்தார். உள்ளே இருந்தவை பிளாஸ்டிக் துண்டுகள். சரக்கு ரயில் வேகன் ஒன்றை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, தனித்தனி உறுப்புகளாக வார்த்து விற்கிறார்கள். வெட்டி ஒட்டினால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் மூடிய வேகன் ஒன்று கிடைக்கும். பெரியவர்களும் இதை வாங்கிப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். ஆதிகேசவன் பொழுதுபோக்குக்காக வாங்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. மாகறலில் நெல் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ. முடித்து ரயில்வேயில் சேர்ந்து, இருபத்தாறு வருடம் சரக்கு வேகன்களைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தார். யார்டில் வண்டி வந்து நிற்கும். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர், கையில் டார்ச்சும் சுத்தியலும் வைத்துக்கொண்டு முதல் வேகனிலிருந்து கடைசி வேகன் வரை நடப்பார்கள். சக்கரம், ஸ்பிரிங், பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி புறப்படும்.

ஆறு வருடத்துக்கு முன், கார்த்திகை மாதத்துத் தூறலில், காலை ஒன்பது மணி வாக்கில், நாற்பத்திரண்டு வேகன் கொண்ட சிமெண்ட் வண்டி ஒன்றுக்கு அவர் கையெழுத்துப் போட்டார். ஒன்பது கிலோமீட்டர் போனதும் பதினேழாவது வேகன் தடம் புரண்டது. அதன் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்று இரண்டாக விண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வண்டி கடப்பதற்காகப் பாதையோரம் ஒதுங்கி நின்ற கலியன் என்ற தண்டவாளப் பராமரிப்பு ஊழியர்மேல், கதவு பிய்ந்துகொண்டு சிமெண்ட் மூட்டைகள் சரிந்தன. அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை நடந்தது. விரிசல் பல நாளாக உள்ளுக்குள் வளர்ந்திருக்கிறது, வெறும் கண்ணால் பார்க்கும் பரிசோதனையில் அது தென்பட்டிருக்க வாய்ப்பில்லை, பரிசோதகர்மேல் குற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். ஆதிகேசவன் அறிக்கையின் அந்த ஒரு வரியை மட்டும் நம்பவில்லை. வாய்ப்பில்லை என்று எழுதியவர் அன்றைக்கு அந்த வேகனுக்கு எதிரே நிற்கவில்லையே. நின்றவர் இவர்.

அதற்கப்புறம் அவரால் யார்டில் நடக்க முடியவில்லை. ஒரு வேகனைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார், மறுபடி முன்னதற்கே திரும்பி வருவார். ஒரு வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. மேலிருந்து கேள்வி வந்தது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து வாடகை வீட்டில் மிக்சியும் கிரைண்டரும் பழுதுபார்க்க உட்கார்ந்தார். பார்த்து முடித்த மிக்சியைக்கூட வாடிக்கையாளர் முன்னால் நாலு தடவை ஓட்டிக் காட்டுவார். ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி கடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சத்தத்தை மட்டும் காது எண்ணிக்கொண்டிருக்கும். பதினேழாவது கடந்த பிறகுதான் திரும்புவார்.

போன ஆவணியில் ஒரு நாள், கைபேசியில் ஒரு வெளிநாட்டுக்காரர் புத்தம்புது பொம்மை வேகனைத் துருப்பிடித்த கிழட்டு வேகனாக மாற்றும் காட்சியைப் பார்த்தார். ஒரு மணி நேரம் அதையே பார்த்தார். அந்தப் பதினேழாவது வேகனை அப்படியே செய்தால் என்ன என்று தோன்றியது. விரிசல், சேறு, சிமெண்ட் தூசு எல்லாவற்றையும் வைத்து, தான் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஒரு தடவை பார்க்கலாம். தெரிகிறதா, தெரியவில்லையா என்று தெரிந்துவிடும். ஆசையில் பணம் கட்டி வரவழைத்துவிட்டார். பெட்டி வந்ததும்தான், தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி ரேணுகாம்பாள்தான் பெட்டியைப் பிரித்தாள். "எலி கடிச்சி வெச்சிரப் போவுது, எடுத்து வேற எடத்துல வைங்க" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் தூக்கினாள். சாம்பல் நிறத்தில், சட்டத்தோடு ஒட்டிய துண்டுகள் வரிசையாகக் கிடந்தன.

"இது எதுக்குங்க?"

அவர் சொன்னார். ரேணுகாம்பாள் கேட்டுவிட்டு மூடியைச் சாத்தி, மேசையின் நடுவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நெசவாளர் சங்கத்தில் சேலை பார்த்து வாங்கும் வேலை அவளுக்கு. நெய்து வந்த பட்டை வெளிச்சத்துக்கு எதிரே விரித்து, இழை விட்டிருக்கிறதா, ஜரிகை பிசிறியிருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு வேகன் நம் ஊர் வேகன் மாதிரி இல்லை. கூரையை அறுத்து வளைவைக் குறைத்தார். பக்கச் சுவரில் இருந்த பலகைக் கோடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழித்து, மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை நிற்கவைத்து ஒட்டினார். கதவை அறுத்துத் தனியாக எடுத்து, விபத்துக்குப் பிறகு இருந்த மாதிரி திறந்தபடி ஒட்டினார். சுவர் உள்ளிருந்து மூட்டை முட்டிப் புடைத்த மாதிரி இருக்க வேண்டும். பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தொடாமல் அருகில் காட்டி, இளகியதும் விரல் நுனியால் தள்ளினார். முதல் சுவர் ஓட்டையாகிப் போனது.  துண்டு பிளாஸ்டிக் வெட்டி இன்னொரு சுவர் செய்து, அதில் பழகிக்கொண்டார்.

அப்புறம் நிறம். முதலில் துருவின் நிறம், அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே ஒரு பூச்சு, அதன்மேல் வேகனின் செம்பழுப்பு. காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தட்டினால் மேல் நிறம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து அடியில் துரு தெரிந்தது. இரும்புக் கம்பியில் சுரண்டிய நிஜத் துருவையும் பசையில் குழைத்து மூலைகளில் வைத்தார். சிமெண்ட் தூசுக்குத்தான் எதுவும் பொருந்தவில்லை. சுண்ணாம்புக் கட்டியின் தூள் வெளுப்பாக இருந்தது. ஒரு காலை பூஜை மாடத்து விபூதித் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அத கொண்டு போய் அங்கியே வைங்க" என்றாள் ரேணுகாம்பாள், அடுப்படியிலிருந்து திரும்பாமலே.

"கலர் சரியா இருக்குது ரேணு."

"இருக்கட்டும். அதுக்கு இது வேணாம். என் பவுடர் டப்பா இருக்குது, கொஞ்சம் கரி போட்டுக் கலந்துக்கோங்க."

கலந்தார். பொருந்தியது. ஆவணி போய், ஐப்பசி போய், கார்த்திகை வந்தது. மிக்சிகள் மேசைக்குக் கீழே சேர்ந்துகொண்டே போயின. சேறும் தூசும் அப்பிய சக்கரங்களுக்கு மேலே, இரும்புச் சட்டத்தின் மூலையில், ஊசி முனையைச் சூடாக்கி ஒரு மயிரிழைக் கோடு கீறினார். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழும் நேரத்தில், வேகனை ஒரு துண்டு தண்டவாளத்தில் நிறுத்தி ரேணுகாம்பாளைக் கூப்பிட்டார்.

"இதுல ஒரு பழுது இருக்குது. எங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பாரு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"தோ, இங்க. சக்கரத்துக்கு மேல, இந்த முக்குல. இழை விட்ட மாதிரி இருக்குது."

ஆதிகேசவன் ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"அரை நிமிஷம்" என்றார். "ரயில்வேன்னா என்னன்னே தெரியாத நீ, அரை நிமிஷத்துல பாத்துட்ட. நான் இருவத்தாறு வருஷம் பாத்தவன். பாக்காம உட்டுட்டேன். அந்த மனுஷனுக்குக் கால் போச்சி."

ரேணுகாம்பாள் இன்னொரு தடவை குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நெஜ வண்டியில இது இந்தப் பக்கந்தான் இருந்துதா?"

"எந்தப் பக்கம்?"

"எங்ககிட்ட சேலை திரும்பி வந்துதுன்னா மொதல்ல உள்பக்கத்துப் பழுதா வெளிப்பக்கத்துப் பழுதான்னுதான் பாப்போம். நெய்யும்போது மேல தெரிஞ்சிருந்தா ஒரு பேச்சு, அடியில இருந்திருந்தா வேற பேச்சு. நீங்க இத வெளிய கீறியிருக்கீங்க. நெஜத்துல எங்க இருந்துது?"

அவர் வாயைத் திறந்தார். வெளியேதான் என்று சொல்ல வந்தார். கனவில் எல்லாம் அது வெளியேதான் இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு, யார்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி. ஆனால் கனவில் பார்த்ததைத் தவிர வேறு எதையும் வைத்து அவர் அங்கே கீறவில்லை.

அறிக்கையின் நகல் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. வாங்கி வைத்த அன்றைக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை. ரேணுகாம்பாளே எடுத்து வந்து புகைப்படங்களை மேசையில் பரப்பினாள். ஐந்தாவது படத்தில் விண்டுபோன சட்டத்தின் முகம் தெரிந்தது. ஒரு ஓரத்தில் "உள்" என்றும், மறு ஓரத்தில் "வெளி" என்றும் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். உள் ஓரத்திலிருந்து முக்கால்வாசி தூரம் கறுத்த பழைய துரு. வெளி ஓரத்தை ஒட்டிய கால்வாசி மட்டும் அன்றைக்கு உடைந்த புதுப் பளபளப்பு.

"உள்ளேர்ந்து வந்திருக்குது" என்றாள். "வெளிய வர்றதுக்குள்ள ஒடைஞ்சிருச்சி. இல்லாத எடத்துல நீங்களா ஒண்ணக் கீறிட்டு, அதப் பாக்கலியேன்னு ஒக்காந்துக்கினு இருக்கீங்க."

சொல்லிவிட்டு அவள் குழம்பைப் பார்க்கப் போனாள். அவருக்கு ஆறுதல் வரும் என்று நினைத்திருப்பாள். வரவில்லை. இத்தனை நாள் தெரிந்த குற்றம் ஒன்று இருந்தது. இப்போது அதுவும் போய், என்ன வரப்போகிறது என்று தெரியாத நிலை. நாலு மாதம் செய்தது சோதனையே இல்லை, நிஜச் சோதனை இனிமேல்தான்.

வெளிக் கீறலைப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, நிறம் பூசினார். சட்டத்தைக் கழற்றித் திருப்பி, படத்தில் இருந்த இடத்தில், உள்பக்கத்துக் கீழ் மூலையில் கீறினார். பூதக்கண்ணாடியில் பார்த்து நீளத்தைச் சரிபார்த்தார். மறுபடி மாட்டி, அன்றைக்கு இருந்த அளவு சேற்றைத் தெளித்தார்.

பார்ப்பதற்குத் தன் கண்ணை அவர் நம்பவில்லை. நிற்கும் மனிதனின் கண் உயரத்தை எண்பத்தேழால் வகுத்தால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, அட்டைத் துண்டுகள் கொடுத்து, கேமரா அந்த உயரத்தில் வரும்படி நிறுத்தினார். அங்கிருந்து படம் எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. சட்டமே மறைத்தது. கொஞ்சம் நகர்த்தி எடுத்தார். தெரியவில்லை. பன்னிரண்டு படம். எதிலும் இல்லை.

அட்டைகளை உருவிக் குந்திய மனிதனின் உயரத்துக்கு இறக்கினார். கேமராவைச் சாய்த்து, சிறிய விளக்கைச் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அடித்தார். மூன்றாவது படத்தில், சேறு படியாத ஒரு நெல்லளவு இடத்தில், கோடு தெரிந்தது.

அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தார். குந்திப் பார்த்திருந்தால், டார்ச்சை அந்தக் கோணத்தில் அடித்திருந்தால், அன்றைய சேறு அந்த இடத்தை மூடாமல் இருந்திருந்தால், தெரிந்திருக்கும். ஒவ்வொரு வேகனுக்கும் குந்துவது அவர் பழக்கம். ஆனால் அன்றைக்குத் தூறல், ஜல்லி வழுக்கியது. பன்னிரண்டாவது வேகனில் சட்டைக் காலருக்குள் தண்ணீர் இறங்கியது ஞாபகம் இருக்கிறது. வண்டி முடிந்ததும் குடித்த டீயில் சர்க்கரை அதிகம் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. பதினேழாவதில் குந்தினாரா என்பது மட்டும் ஞாபகம் இல்லை. எவ்வளவு முட்டினாலும் வரவில்லை.

"இவ்வளவுதான் கெடைக்கும் போல" என்றார் மனைவியிடம்.

"கலியன் எங்க இருக்கார்னு தெரியுமா?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். ஓரிக்கையில் இருக்கிறார். மாகறலுக்குப் போகும் வழியிலேயே இருக்கிற ஊர் அது. சொந்த ஊரில் சாவு, கல்யாணம் என்று எது நடந்தாலும் ஆதிகேசவன் வாலாஜாபாத் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தார். ஏன் இந்தச் சுற்று என்று அண்ணன் கேட்டபோது ரோடு சரியில்லை என்றார்.

வேகனை ஒரு செருப்பு டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்து, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு புறப்பட்டார். ஓரிக்கையில் விசாரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, முதல் ஆளே வீட்டைக் காட்டிவிட்டார். ஆதிகேசவன் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், அதற்குள் தைரியம் வரும் என்று நினைத்திருந்தார். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். கலியனின் மகள் ஜீவிதா வெளியே வந்தாள்.

"யாரு வேணும்?"

"கலியனப் பாக்கணும்மா. ரயில்வேல இருந்தேன். ஆதிகேசவன்னு சொல்லு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வண்டி பாக்கற ஆதிகேசவன் சாரா? வரச் சொல்லு."

கலியன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் கால் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆதிகேசவன் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்து, அதையே பார்த்தார்.  டப்பாவைத் திறந்து வேகனை எடுத்துக் கொடுத்தார். கலியன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதே வண்டியா?"

"ஆமா."

"கதவு தப்பு சார்." கலியனின் குரலில் மாற்றம் எதுவும் இல்லை. "இந்தப் பக்கத்துக் கதவு சாத்தினபடியேதான் இருந்துது. தொறந்துக்கினது அந்தாண்ட. நான் அந்தாண்டதான நின்னுக்கினு இருந்தேன்."

ஆதிகேசவன் தலையாட்டினார். பிறகு வேகனைக் கவிழ்த்துக் காட்டி, விரிசல் இருந்த இடத்தைச் சொன்னார். நின்று பார்த்தால் தெரியாது என்பதையும், குந்திப் பார்த்தால் ஒருவேளை தெரிந்திருக்கும் என்பதையும் சொன்னார்.

"குந்தினீங்களா?"

"ஞாபகம் இல்ல. குந்தினேன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்குது. ஆனா தெரியல கலியன். பொய் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்."

கலியன் வேகனை மடியில் வைத்துக்கொண்டார். ஜீவிதா தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். 

"இரும்பப் பத்தி எனக்குத் தெரியும் சார்" என்றார் கலியன் கடைசியில். "முப்பது வருஷம் தண்டவாளத்துமேல நடந்தவன். ஒடையறது ஒடையும். நான் மூணு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன். யார் யாரோ வந்தாங்க. பேரு தெரியாதவன்லாம் ஆர்லிக்ஸ் வாங்கிக்கினு வந்தான். நீங்க வருவீங்கன்னு பாத்தேன். வந்தா நல்லா நாலு வார்த்தை திட்டணும்னு வெச்சிருந்தேன். வந்து திட்டு வாங்கிக்கினு போயிருந்தீங்கன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஆறு வருஷம் சார். இப்பத் திட்டவும் வரல."

"பயந்துட்டேன்."

"தெரியுது."

வேகனை நீட்டினார். ஆதிகேசவன் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தார்.

"இத எடுத்துக்கினு போயிருங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா என் ஊட்ல இது வேணாம்."

ஆதிகேசவன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவரைக் கலியன் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை என்ன வேலை உங்களுக்கு? செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்தக் கால் லூசாப் போச்சி, புதுசுக்கு அளவெடுக்கணும். பொண்ணுக்கு லீவு கெடைக்கல. கூட ஆள் இல்லாம ரயில் ஏற முடியாது."

"ரயில்லியா?"

"பின்ன. பாஸ் இருக்குதில்ல."

ஆதிகேசவன் ஆறு வருடமாக ரயில் ஏறியதில்லை. வர்றேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், புதன்கிழமை முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. ரேணுகாம்பாள், ஆட்டோ வைத்துக் கூட்டிப் போங்களேன் என்றாள். அவர் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு வந்து நின்றார். ஆட்டோவில் வந்து இறங்கிய கலியன், ஒரு கையில் ஊன்றுகோலைப் பிடித்து, மறு கையை ஆதிகேசவனின் தோளில் வைத்து நடைமேடைக்கு வந்தார். தோளில் விழுந்த கனம் ஆதிகேசவன் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. வண்டி வந்து நின்றது. கூட்டம் முண்டியது. ஏறும் படிக்கு முன்னால் ஆதிகேசவன் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தலை தானாகவே சாய்ந்து, நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே இருந்த சந்தில் சக்கரத்தைத் தேடியது.

"என்ன சார், பாத்தாச்சா?" என்றார் கலியன். "ஏறலாமா?"

கேலியா கோபமா என்று ஆதிகேசவனுக்குத் தெரியவில்லை. கலியனின் கையைப் பிடித்து முதலில் அவரை ஏற்றிவிட்டு, பின்னால் தானும் ஏறினார். உட்கார இடம் கொடுத்த பெண்ணிடம், கலியன் இவரை "ரயில்வேல நம்ம சார்" என்று சொன்னார்.  ஆதிகேசவன் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. வாலாஜாபாத் தாண்டும்போது கலியன் தூங்கிப்போனார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அளவெடுத்தார்கள். புதுக் கால் வர ஐந்து வாரம் ஆகும், அதற்கு நடுவே இரண்டு தடவை வந்து மாட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். துணைக்கு வருபவர் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். கலியன் அதை ஆதிகேசவனிடம் நீட்டினார். அவர் தன் நம்பரை எழுதி, எண்களை ஒரே ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, தாளை மேசைமேல் வைத்தார்.